மலை இல்லாத கேசட்

கோதண்டராமனுக்குப் படம் எடுக்கத்தான் தெரியும். எடுத்ததைப் போட்டுப் பார்க்கிற பொறுமை அவருக்கு எந்த ஜென்மத்திலும் வராது. மின்வாரியத்தில் ஃபோர்மேன் வேலை, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிச் சொந்த வீடு, மாடியில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒற்றை அறை. அந்த அறையில் இரண்டு குளிர்காலம் தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர், தொண்ணூற்று மூன்றில் ஊருக்குக் கிளம்பும்போது தன் வீடியோ கேமராவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் குழந்தை தும்மினாலும் படம், எதிர்வீட்டு மாடு கன்று போட்டாலும் படம். மனைவி சந்திரகலா, கேமராவைக் கண்டால் அடுப்புப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள்.

எடுத்ததெல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேசட்டுகளாக வீடு முழுக்கச் சேர்ந்தது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கொஞ்சம், கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் கொஞ்சம், மிச்சம் டிவி ஸ்டெபிலைசரின் தலைமேல். ஒன்றிலாவது பேர் எழுதியிருக்க வேண்டுமே! கேட்டால், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்பார். அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது சந்திரகலாவுக்குக் கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்து வைகாசியில் அந்தக் கேசட்டுகளுக்கு ஒரு வேலை வந்தது. கோதண்டராமனின் ஒரே தங்கை பொன்னி, கீழ்பென்னாத்தூரில் வாக்கப்பட்டவள். அவள் மகள் எழிலுக்கு ஆனியில் கல்யாணம். தாய்மாமன் சீரோடு சீராக, எழில் சின்னப் பெண்ணாக ஓடி ஆடியதையெல்லாம் ஒரு சிடியில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கோதண்டராமனுக்கு ஆசை. தேரடித் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த மஸ்தான் பாய் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தக் கேசட்டில் எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்தால்தான் தொடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிரிக்கிற வேலை, சொல்லவே வேண்டாம், சந்திரகலா தலையில் விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவே இல்லை. பொன்னி பத்திரிகையை அண்ணனின் ஆபீசுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அண்ணி வந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அண்ணனோடு பேச்சு உண்டு. அண்ணியோடு கிடையாது, அந்த வீட்டுப் படியையும் மிதிக்கமாட்டாள்.

தொண்ணூற்று நாலு ஆவணியில் சந்திரகலாவின் மகன் இளவரசனுக்குக் காது குத்தினார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, ஊரையே அழைத்திருந்தார்கள். சீர்த்தட்டோடு வந்த பொன்னியை வாசலில் அண்ணி வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நின்று நின்று பார்த்துவிட்டுத் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் விருந்தில் சோறு பற்றாமல் போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். வந்தவரை வா என்று கேட்காமல் விட்டால் ஏழு தலைமுறைக்கும் மறக்கமாட்டார்கள். கேட்க வேண்டியவள் வீட்டுக்காரி. ஆகவே பழி நேராகச் சந்திரகலா மேல் வந்து உட்கார்ந்தது. மாமியார் கண்ணை மூடும்வரை குத்திக்காட்டினார். கோதண்டராமன் சண்டை போடமாட்டார். ஒரு வார்த்தைதானே, கேட்டிருக்கக் கூடாதா என்று அவ்வப்போது பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு மாமியாரின் வாயே தேவலை.

பழியைவிட அவளை அரித்தது வேறு. கேட்டோமா, கேட்கவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குச் சமையல்காரர் வரத் தாமதம், பிள்ளைக்கு உடம்பு கதகதவென்று இருந்தது, பால் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது. யோசித்து யோசித்து அந்த நாளே தேய்ந்துபோய்விட்டது. ஒரு சமயம் கேட்ட மாதிரி இருக்கும், இன்னொரு சமயம் கேட்காத மாதிரி இருக்கும். காதுகுத்துப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை என்பதால், அன்று எடுத்த கேசட்டை யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை. அது எங்கேயோ மற்றவற்றோடு கலந்து கிடந்தது. இப்போது அத்தனையும் அவள் கைக்கு வந்துவிட்டது. எழிலின் சிடிக்காக இல்லை, இந்த ஒன்றுக்காகத்தான் அவள் மறுபேச்சில்லாமல் வேலையை ஏற்றுக்கொண்டாள். கணவரிடம் அதைச் சொல்லவில்லை.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தாள். கேசட்டை ஸ்டெபிலைசர் மேல் வைத்ததைக் கேட்டு மஸ்தான் பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்; அந்தச் சூட்டுக்கும் காந்தத்துக்கும் படம் அழிந்துவிடும் என்றார். படுக்கவைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்கச் சொன்னார். சந்திரகலா மிக்சி வந்த அட்டைப்பெட்டியைத் தடுத்துத் தடுத்து அறை பிரித்தாள். வெள்ளைப் பூசணம் பூத்திருந்த கேசட்டுகளை மெல்லிய துணியால் துடைத்து வெயில் படாமல் உலர்த்தினாள். கேமராவில் புதிதாக எடுக்க முடியாது, அது எப்போதோ கெட்டுவிட்டது. ஆனால் வயரை டிவியில் செருகினால் பழையதைக் காட்டும்.

போட்டுப் பார்த்தால் தலை சுற்றியது. ஒவ்வொரு காட்சியிலும் ஓரத்தில் தேதி வந்தது. எல்லாமே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, ஜனவரி ஒன்று. கேமராவின் உள்ளே தேதி மாற்றுகிற இடமெல்லாம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று கோதண்டராமன் தொடவே இல்லை. அந்தக் கணக்குப்படி அவர்கள் வீட்டில் பிறந்தநாள், தீபாவளி, திவசம், தென்னை மரத்தில் இடி விழுந்தது எல்லாம் ஒரே நாளில், அதுவும் கேமரா வாங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்து முடிந்திருந்தன.

ஆனால் கோதண்டராமனிடம் ஒரு பழக்கம் உண்டு. கேமராவைக் கையில் எடுத்தால் முதலில் மொட்டைமாடிக்குப் போய் மலையை எடுப்பார். கடிதம் எழுதுகிறவர் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. மலையை எடுக்காமல் ஆரம்பித்தால் படம் விளங்காது என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு விசேஷத்துக்கு முன்னாலும் கொஞ்ச நேரம் மலை வந்தது. முதல் இரண்டு நாள் அவள் அதைச் சலிப்போடு ஓட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் பக்கத்து மனை கண்ணில் பட்டது. ஒரு கேசட்டில் அது வெறும் மனை, ஆடு மேய்கிறது. இன்னொன்றில் அதே இடத்தில் தூண்கள் எழும்பியிருக்கின்றன. அடுத்ததில் முதல் மாடி. அப்புறம் இரண்டாம் மாடி, அதன் தலையில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி, தொட்டிக்குப் பின்னால் மலையின் ஒரு தோள் காணாமல் போய்விட்டது.

சந்திரகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனையில் விடுதி கட்டியவர் எந்த வருஷம் தூண் போட்டார், எந்த வருஷம் கிரகப்பிரவேசம் செய்தார் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது, அந்தச் சிமெண்டுத் தூசியைப் பெருக்கியவள் அவள்தானே! மாதத்தை மலையே சொன்னது. சித்திரை என்றால் காய்ந்து பழுப்பாக இருக்கும், சரிவில் புல் எரிந்த கறுப்புத் திட்டு தெரியும். ஐப்பசி என்றால் பச்சை. கார்த்திகை தீபம் ஏற்றி முடிந்தபின் எடுத்திருந்தால் உச்சிப்பாறை நெய்யும் கரியுமாக மின்னும். வருஷத்தைக் கட்டடத்திலிருந்தும் மாதத்தை மலையிலிருந்தும் எடுத்து, சீட்டு எழுதி ஒட்டி, பெட்டியில் வரிசையாக நிறுத்தினாள். உலை வைத்ததையே மறந்துபோகிற அளவுக்கு அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வந்த கணவரிடம், உங்க அம்மா வழுக்கி விழுந்தது தொண்ணூற்று ஏழில்லை, ஆறு என்று சொல்லி அவரை விழிக்கவைத்தாள்.

எல்லாம் வரிசைக்கு வந்தபின் ஒரே ஒரு கேசட் மிஞ்சியது. அதைப் போட்டவுடன் மலை வரவில்லை. வாசல் கேட்டுதான் வந்தது. மலை இல்லாமல் இந்த மனுஷன் ஒரு கேசட்டை ஆரம்பித்திருக்கிறாரா? அவளுக்கு நம்பமுடியவில்லை. ஆரம்பம்வரை சுற்றாமல் விட்டிருப்போமோ என்று எடுத்துப் பார்த்து மறுபடி போட்டாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு பொன்னி வந்தாள். பச்சைப் பட்டு, இடுப்பில் அணைத்த சீர்த்தட்டு, நெற்றியில் வியர்வை. சந்திரகலாவின் கை ரிமோட்டிலேயே நின்றுவிட்டது. படத்துக்குள்ளிருந்து, எங்கோ அடுப்படிப் பக்கமிருந்து, புகையில் இருமிக்கொண்டே ஒரு குரல் கேட்டது.

"வா பொன்னி, வா வா. என்னா இவ்ளோ நேரம்? உள்ள வா."

அது அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. சந்திரகலா நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். கேட்டிருக்கிறோம்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை வா என்று சொல்லியிருக்கிறோம்! வீட்டில் யாருமில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. செத்துப்போன மாமியாரின் படத்தைப் பார்த்து, கேட்டுச்சா என்று கேட்கத் தோன்றியது.

அப்புறம்தான் மேற்கொண்டு ஓடவிட்டாள். பொன்னி சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள். உடனே, கேமராவைப் பிடித்திருந்தவரின் குரல் காதைப் பிளந்தது.

"நில்லு நில்லு. இன்னும் மலையை எடுக்கல. நீ வெளிய போ. நான் சொன்னப்புறம் தட்டோட வா, பாக்க நல்லாருக்கும்."

பொன்னி, போண்ணா என்று சிணுங்கிவிட்டு வெளியே போய் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து மலை வந்தது, மாடியிலிருந்து. உச்சியில் மேகம். கோதண்டராமன் மேகம் விலகக் காத்திருந்தார். நகரு, நகரு என்று அதனிடம் சொல்வதுகூடக் கேட்டது. விலகியபின் கேமரா மாடியிலிருந்தே கீழே குனிந்து, போகிறபோக்கில் கேட்டைத் தொட்டது. வெளியே பொன்னி தட்டோடு அண்ணாந்து பார்த்து, வரட்டா என்று கையால் கேட்டாள். அந்த நேரம் பார்த்து, ஆசாரி வந்துவிட்டார் என்று யாரோ கத்த, படம் தடதடவென்று படியிறங்கி உள்ளே ஓடியது. அப்புறம் மாமன் மடியில் மொட்டைத்தலையோடு இளவரசன், ஆசாரியின் ஊசி, அழுகை. பிள்ளைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால், கேட்டுக்கு வெளியே, கட்டைவிரல் அளவுக்குப் பச்சை. அந்தப் பச்சை அசையவே இல்லை. இரண்டாவது காது முடிந்து சர்க்கரை கொடுக்கும்போது அது இல்லை.

சந்திரகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு வருஷம் பெருமூச்சு விட்டாரே, அந்த மனுஷனின் வேலைதானா இது! எழுந்து முகம் கழுவினாள். கணவர் வருகிறவரை காத்திருந்து காட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஒரு கேள்வி அவளை உட்காரவிடவில்லை. வெளியே போகச் சொன்னது அண்ணன்தான் என்று பொன்னிக்குத் தெரியாதா? காதால் கேட்டுச் சிரித்துவிட்டுத்தானே போனாள்? அப்படியிருக்க, ஏன் என் பேரைச் சொன்னாள்?

மறுநாள் கேமராவையும் அந்தக் கேசட்டையும் கூடையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

பொன்னியின் வீட்டில் கல்யாண அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் பொன்னிக்கு முகம் வெளுத்தது. முறத்தோடு இருந்த பெண்கள் வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றாள் சந்திரகலா. உள் அறையில் கதவைச் சாத்தி, கேமராவை மின்சாரத்தில் செருகி, கண் வைத்துப் பார்க்கிற குழலை நாத்தனார் பக்கம் திருப்பினாள். டிவி இல்லாவிட்டால் அதில் சத்தம் வராது. படம் மட்டும் நகத்தளவுக்குத் தெரியும். பொன்னி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

வெகுநேரம் நிமிரவில்லை. சத்தத்தையும் கேட்க வேண்டுமென்றால் டிவியில் போடுகிறேன் என்றாள் சந்திரகலா.

"வேணாம் அண்ணி. என்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்போ நான் வான்னு கூப்பிட்டதும் உனக்குக் கேட்டுச்சா?"

பொன்னி ஆமாம் என்று தலையசைத்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அண்ணன் கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று நின்றிருக்கிறாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டும் கூப்பிடவில்லை. அத்தை நான் வெளியே நிற்கும்போதே காது குத்தி முடித்துவிட்டார்களே என்று நெஞ்சை அடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் பின்னாலேயே வந்த அவளுடைய ஓரகத்தி, தட்டோடு ஏன் தெருவில் நிற்கிறாய் என்று கேட்டிருக்கிறாள்.

"எங்க அண்ணன்தான் வெளிய போன்னு சொன்னாருன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? மாமியார் வீட்டுல காலத்துக்கும் அதையே சொல்லிச் சிரிப்பாங்க. அண்ணி வான்னு கேக்கலன்னு வாயில வந்துடுச்சு. அது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே, யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். சாயங்காலத்துக்குள்ள ஊரே பேச ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு மேல என்னால மாத்திச் சொல்ல முடியல."

"அதுக்காகப் பதினோரு வருஷமா?"

"உங்களக் கோவிச்சுக்கிட்டா எனக்கு அண்ணன் மிச்சம் இருப்பாரு. அவரக் கோவிச்சுக்கிட்டா எனக்குப் பொறந்த வீடே இல்ல அண்ணி."

சந்திரகலாவுக்கு அவளை இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, அவள் சொல்வது நியாயம்தான் என்றும் இருந்தது. தன் அண்ணன் அப்படிச் சொல்லியிருந்தால் தானும் இதையேதான் செய்திருப்போமோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"உன் அண்ணன நீ காப்பாத்திக்கிட்ட. என்னைப் பத்தி நெனச்சியா?" என்றாள்.

பொன்னி அழுதாள். சந்திரகலா சமாதானம் சொல்லவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திய பொன்னி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, வெளியே முறத்தோடு இருந்த பெண்கள் எல்லார் முன்னிலையிலும் அண்ணியிடம் நீட்டினாள். வாசல் வரை வந்து, அண்ணனிடம் மட்டும் இதைக் காட்ட வேண்டாம், அவர் தாங்கமாட்டார் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு சந்திரகலா பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் யோசித்தாள். பழி தீர்ந்தது, அழைப்பும் வந்தது. அந்தக் கேசட்டை ஏதாவது டின்னில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. பொன்னியும் தாங்கமாட்டார் என்கிறாள். நான் மட்டும் இத்தனை வருஷம் தாங்கவில்லையா? ஊர் வருவதற்குள் அவளுக்கு மனசு தெளிந்துவிட்டது.

சாயங்காலம் கோதண்டராமன் காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டேன், ஒன்றே ஒன்றை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள் சந்திரகலா. அவருக்கு ஒரே உற்சாகம். பொன்னியைப் பார்த்ததும், எப்படி இருந்தாள் பார் என்றார். சந்திரகலாவின் குரல் வா வா என்றபோது காபி குடித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. தன் குரல் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அப்போதே டைரக்டர் மாதிரி வேலை வாங்கியிருக்கிறேன் என்றார். மலை வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேகம் விலகுகிற அழகைக் காட்டினார். பிள்ளை அழுதபோது அவர் கண்ணும் கலங்கியது. சந்திரகலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டராமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஜன்னலுக்கு அந்தாண்ட யாரு? நம்ம பொன்னி மாதிரி இல்ல? காது குத்தி முடியப்போகுது, ஏன் இன்னும் வெளியவே நிக்கறா?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நிக்கறா," என்றாள் சந்திரகலா.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தபோது பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் யாரும் இல்லை.